வேகத்துக்கு அப்பால்: கடலோரக் காவல் ரோந்துப் படகும் அதன் வானொலிக் கருவிகளும்

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ரோந்து செல்லும் காவல் படகுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவை எத்தனை நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஓடும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. வேகம் முக்கியமே. ஆனால் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதைப் படகுக்குச் சொல்வது வானொலி. அது ஊமையாகிவிட்டால், எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அந்தப் படகு தன் கண்ணுக்கு எட்டிய பரப்பை மட்டுமே காவல் காக்கிறது. மீன்பிடித் துறைமுகங்களில் விசைப்படகுகளுக்குக் கடல்சார் மின்னணுக் கருவிகளைப் பொருத்திப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், நடுத்தர அளவுள்ள ஒரு ரோந்துப் படகையும் அதன் தொடர்புக் கருவிகளையும் ஒரே பொருளாகக் கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்று சந்தையில் கிடைக்கும், வி.எச்.எஃப் எனப்படும் கடல்சார் வானொலிச் செட்டுகள் நல்லவை. படகுகளைக் கைவிடுவது பெரும்பாலும் செட்டுக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே ஓடும் சில மீட்டர் கேபிளும், அதை யார் எப்போது சோதிப்பது என்று யாரும் வகுத்து வைக்காததும்தான்.

இந்தப் படகுகள் நம் கரைக்கு வந்த பின்னணியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1,076 கிலோமீட்டர் நீளமுள்ள நம் கடற்கரைக்காகத் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994இல் உருவாக்கப்பட்டது. கடற்கரை மாநிலங்கள் அனைத்துக்குமான மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் 2005இல் ஒப்புதல் பெற்றது; அதன் முதல் கட்டத்தில் நாடு முழுவதற்கும் 204 படகுகள் ஒதுக்கப்பட்டன. கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனமும் கோவா கப்பல் கட்டும் தளமும் கட்டிக்கொடுத்த இப்படகுகளை 5 டன் படகு, 12 டன் படகு என்று எடையைச் சொல்லியே இன்றும் அழைக்கிறார்கள். 2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்கியவர்கள் குஜராத்தின் போர்பந்தரைச் சேர்ந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் வந்து, கடைசியில் காற்றடைத்த ரப்பர் படகில் கரையேறினார்கள். அதன்பின் கடலோரக் காவல் நாட்டின் கவலையாக மாறியது. 2011இல் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. குபேரில் வந்தவர்களை நடுக்கடலில் கண்ட மீனவர் எவராவது ஒருவர் இருந்திருந்தால், அவர் கண்டதைக் கரைக்குச் சொல்ல எந்த வழி இருந்திருக்கும் என்ற கேள்வியைத்தான் நான் எந்த ரோந்துப் படகைப் பார்க்கும்போதும் மனத்தில் வைத்துக்கொள்கிறேன். ரோந்துப் படகின் வானொலி, காவலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான கருவி மட்டுமன்று. கடலில் இருக்கும் ஆயிரக்கணக்கான கண்கள் கண்டதைக் கேட்டுவாங்கும் காது அது.

படகை முதலில் எடுத்துக்கொள்வோம். வானொலிக் கண்கொண்டு பார்த்தால் ஒரு விரைவுப் படகில் மூன்று குறைகள் பிறவியிலேயே இருக்கின்றன. அது தாழ்வானது, அதிர்வது, இரைச்சல் மிக்கது. பாக் நீரிணைப் பகுதியில் கடல் ஆழம் குறைவு, அலைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும். வாடைக்காற்றுக் காலத்தில் அந்த அலைமேல் விரைந்து செல்லும் படகின் அடிப்பகுதி ஒவ்வோர் அலையிலும் அறைபடுகிறது. அந்த அறை, திருகுகளைத் தளர்த்துகிறது. கேபிள் இணைப்புகளை அசைக்கிறது. பற்றவைத்த முனைகளில் மயிரிழை விரிசல்களை உண்டாக்குகிறது. மூடிய அறை உள்ள படகில் செட் நனையாமல் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் உப்பு ஈரம் அந்த அறைக்குள்ளும் வந்துவிடும். திறந்த மேடையுள்ள சிறு படகிலோ அலைத்தெறிப்பு நேராகவே செட்டின்மீது விழும். எஞ்சின்கள் முழு வேகத்தில் ஓடும்போது ஒலிபெருக்கியில் வரும் குரல் அருகில் நிற்பவருக்கே பிடிபடாது. ஆகவே படகு வாங்கும்போதே வெளி ஒலிபெருக்கி ஒன்றையும், செலுத்துநருக்குக் காதுக்கருவி ஒன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவு சிறியது, வேகத்தில் செல்லும்போது அழைப்பு காதில் விழுமா விழாதா என்பதை இந்தச் சிறிய செலவே தீர்மானிக்கிறது.

இனி செட்டுக்கு வருவோம். இவ்வகைப் படகுக்கு ஏற்ற நிலையான வி.எச்.எஃப் செட் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாக ஜப்பானின் ஐகாம் நிறுவனத்தின் ஐசி-எம்330 மாதிரியைச் சொல்லலாம். அனுப்புதிறன் 25 வாட். துறைமுகத்துக்குள் பேச 1 வாட்டாகக் குறைத்துக்கொள்ளலாம். ஐ.பி.எக்ஸ்-7 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஒலிபெருக்கியின் முன்வலைக்குள் நீர் புகுந்தால் அதைத் தாழ்ந்த அதிர்வொலியால் உதறித் தள்ளும் வசதி இருக்கிறது; அலைத்தெறிப்பில் நனைந்த செட்டின் குரல் கொழகொழத்துப் போவதைக் கேட்டவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும். உருவில் சிறியது என்பதால் ராடாருக்கும், கடலாழம் அளக்கும் எதிரொலிமானிக்கும் இடையே நெருக்கமான பலகையிலும் அடங்கும். திறன், நீர்காப்பு, குரல் தெளிவு ஆகிய மூன்றிலும் இத்தர செட்டுகளின்மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது: இந்த விலைப்பிரிவில் வரும் செட்டுகளுக்குள், கப்பல்கள் தாமாக அறிவிக்கும் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் பெறும் ஏ.ஐ.எஸ் வாங்கி பொதுவாக இராது. மேல்தளத்தில் நிற்கும் அதிகாரி தனியாகப் பேசுவதற்கான இரண்டாவது கட்டுப்பாட்டு மைக்கும் கிடைப்பதில்லை. மீன்பிடிப் படகுக்கு இவை தேவையில்லை. மற்றொரு படகை நிறுத்திச் சோதனையிட வேண்டிய காவல் படகுக்கு, செலுத்துநர் அறையிலிருந்து தள்ளி நிற்பவரும் அதே செட்டில் பேச முடிவது பெரிய உதவி. பணம் அனுமதிக்குமானால் ஒரு படி மேலான மாதிரியை எடுப்பதே நல்லது.

இத்தகைய செட்டின் உண்மையான மதிப்பு அதன் சிவப்பு மூடிக்குக் கீழே இருக்கும் பொத்தானில் இருக்கிறது. மூடியைத் திறந்து அந்தப் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால், 70ஆம் சேனலில், 156.525 மெகாஹெர்ட்சில், படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணையும் இருப்பிடத்தையும் நேரத்தையும் சுமந்து ஓர் எண்முறை அபாய அழைப்பு வெளியேறும். எந்தக் கரை நிலையமாவது ஏற்றுக்கொண்டதாகப் பதில் தரும்வரை சுமார் 4 நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாகவே திரும்பத் திரும்பச் செல்லும். டி.எஸ்.சி எனப்படும் இந்த முறை, பேசத் தெரியாதவனையும் பேச நேரமில்லாதவனையும் காப்பாற்றுகிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, எம்.எம்.எஸ்.ஐ எனப்படும் அந்த அடையாள எண்ணைச் செட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். இந்தியப் படகுகளின் எண் 419 என்று தொடங்கும். எண் பதியப்படாத செட்டில் அந்தப் பொத்தான் வெறும் அலங்காரம். மற்றொன்று, ஜி.பி.எஸ் கருவியிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள் செட்டோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது செட்டுக்குள்ளேயே ஜி.பி.எஸ் இருக்க வேண்டும். இணைப்பு இல்லையென்றால் இருப்பிடத்தைக் கையால் பதிய வேண்டும். அப்படிப் பதிந்த இருப்பிடமும் ஒரு நாள் முடிவதற்குள் காலாவதியாகிவிடும். புதிய செட் பொருத்தி, பேசிப் பார்த்து, குரல் கேட்கிறது என்றதும் வேலை முடிந்ததாகக் கையெழுத்திடப்பட்டு, அந்த இரண்டு ஒயர்களும் டேப் சுற்றியபடியே பலகைக்குப் பின்னால் தொங்கிக் கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். பொருத்தியவர் யார், படகு யாருடையது என்பது இங்கே தேவையில்லை. பொருத்தும் பணியை ஏற்றுக்கொள்ளும் படிவத்தில் இந்த இணைப்புக்கென்று ஒரு வரி இருந்திருந்தால் அது நடந்திராது என்பதே நான் சொல்ல விரும்புவது.

செட்டின் அமைப்புப் பட்டியலில் (மெனுவில்) இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்தச் செட்டுகள் பல நாடுகளுக்காகச் செய்யப்படுவதால் சேனல் தொகுதியைச் சர்வதேச முறை, அமெரிக்க முறை என்று மாற்றிக்கொள்ள வழி இருக்கும். அபாயக் குரலுக்கும் முதல் அழைப்புக்கும் எல்லோரும் கேட்கும் 16ஆம் சேனல் இரண்டு முறையிலும் 156.8 மெகாஹெர்ட்ஸ் என்பதால் சோதனைப் பேச்சில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் 22 போன்ற சில சேனல்கள் சர்வதேச முறையில் அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் வெவ்வேறு அலைவரிசைகளைக் கொண்டவை. அமெரிக்க முறையில் ஒரே அலைவரிசை. தவறான முறையில் வைத்த செட், அழைப்பை 16இல் நன்றாகக் கேட்டுவிட்டு, அத்தகைய சேனலுக்கு மாறியதும் செவிடாகிவிடும். படகில் ஏறியதும் திரையின் மூலையில் தெரியும் அந்தச் சிறு எழுத்துகளைப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு பணிமுறைக்கும் வர வேண்டும்.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். வி.எச்.எஃப் அலை ஏறக்குறையப் பார்வைக்கோட்டிலேயே செல்லும். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் அதன் வானொலி அடிவானம் எத்தனை கடல் மைல் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். இரு முனைகளின் தொலைவையும் கூட்டினால் அவை பேசிக்கொள்ளும் எல்லை. ரோந்துப் படகின் ஆண்டெனா நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டரில் இருந்தால் அதன் பங்கு 4.4 கடல் மைல். கரையில் 50 மீட்டர்க் கோபுரம் இருந்தால் அதன் பங்கு 15.6, ஆக, கரையோடு சுமார் 20 கடல் மைல் வரை பேசலாம். ஆனால் வள்ளத்தில் உட்கார்ந்தபடி கையடக்கச் செட்டில் பேசும் மீனவரின் ஆண்டெனா ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அவருக்கும் ரோந்துப் படகுக்கும் இடையே எல்லை 6.6 கடல் மைல்தான். இந்த எண்ணைத்தான் படகின் திறனாக நான் கொள்வேன். செட்டின் வாட் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் பூமியின் வளைவைத் தாண்டிப் போக முடியாது. அதே ஆண்டெனாவை 4 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு உயர்த்திப் பாருங்கள்: எல்லை ஏறக்குறைய ஒரு கடல் மைல் கூடுகிறது; ஒரு மைல்தானே என்று தோன்றலாம், ஆனால் படகைச் சுற்றி அது கேட்கக்கூடிய கடற்பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இரண்டு மீட்டர்க் குழாய்க்கு ஆகும் செலவில் இவ்வளவு பலன் தரும் வேறு எதையும் ஒரு ரோந்துப் படகில் செய்ய முடியாது.

ஆண்டெனாவைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆண்டெனா ஆற்றலை எவ்வளவு குவிக்கிறது என்று காட்டும் டெசிபெல் எண் கூடினால் நல்லது என்று நினைத்து 6 டெசிபெல் ஆண்டெனாவைக் கேட்கிறார்கள். அந்த ஆண்டெனா ஆற்றலைக் கிடைமட்டத்தில் மெல்லிய தட்டுப்போல அமுக்கி அனுப்புகிறது. பெரிய கப்பலில், கரைக் கோபுரத்தில், அது சிறப்பு. அலைமேல் ஏறி இறங்கி ஆடும் 12 டன் படகிலோ அந்தத் தட்டு ஒரு கணம் வானத்தையும் மறுகணம் நீரையும் நோக்குவதால், குரல் விட்டுவிட்டுக் கேட்கும். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள 3 டெசிபெல் ஆண்டெனாவின் வீச்சு மேலும் கீழும் அகன்றது. படகு எவ்வளவு ஆடினாலும் ஓரளவு சீராகவே கேட்கும். நீளம் குறைவு என்பதால் அடிபட்டு முறிவதும் குறைவு. சிறு ரோந்துப் படகுக்கு இதுவே பொருத்தம்.

கேபிள் அடுத்தது. ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் மலிவு, வளைக்க எளிது. பத்து மீட்டர் ஓட்டத்தில் அது சுமார் 2 டெசிபெல்லை விழுங்கிவிடும். அதாவது செட் தரும் 25 வாட்டில் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேருவது 16 வாட்தான். கேட்கும் பக்கத்திலும் அதே இழப்பு. தடித்த ஆர்ஜி-213 கேபிளில் இழப்பு இதில் பாதிக்கும் குறைவு. இது புதுக் கேபிளின் கணக்கு. கூரையில் இருக்கும் இணைப்பு முனைக்குள் உப்புநீர் கசிந்துவிட்டால், செம்பு வலைப்பின்னல் விளக்குத்திரிபோல நீரை உறிஞ்சி உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியுறை பளபளப்பாகவே இருக்க, உள்ளே மீட்டர் கணக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இந்தக் கேடு சாதாரணச் சோதனையில் சிக்காது என்பதுதான் கொடுமை. ஆண்டெனா சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரைச் செட்டின் பின்னால் மாட்டுகிறார்கள், 1.5க்குக் கீழே இருந்தால் நல்லது, 3 என்றால் ஆற்றலில் கால்பங்கு திரும்பி வருகிறது என்று பொருள். ஆனால் களிம்பேறிய கேபிள், போகும் ஆற்றலையும் திரும்பும் ஆற்றலையும் வழியிலேயே தின்றுவிடுவதால், மீட்டரில் திரும்பி வருவது குறைவாகத் தெரியும். கேபிள் எவ்வளவு கெட்டதோ அவ்வளவு நல்ல எண்ணை மீட்டர் காட்டும். ஆகவே ஆண்டெனா முனையைக் கழற்றி, அங்கே வாட் மீட்டரையும், ஆண்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை வாங்கிக்கொள்ளும் போலிச்சுமையையும் மாட்டி, மேலே எத்தனை வாட் வந்து சேருகிறது என்று அளந்தால்தான் உண்மை தெரியும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, பருவமழை தொடங்குமுன், இந்த அளவை எடுத்துப் படகின் பதிவேட்டில் எழுத வேண்டும். கேபிளின் நுனியில் வரும் பி.எல்-259 இணைப்பு முனையை மாட்டியபின் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுவது, கேபிள் உள்ளே நுழையுமுன் நீர் சொட்டிவிடும்படி ஒரு தாழ்ந்த வளைவு விடுவது ஆகிய இரண்டும் ஒழுங்காகச் செய்யப்பட்டால் கேபிளின் ஆயுள் பல மடங்கு நீளும்.

துறைமுகத்துக்குள் நின்றபடி செய்யும் வானொலிச் சோதனையையும் நான் ஏற்பதில்லை. கரை நிலையம் அரைக் கிலோமீட்டரில் இருக்கும்போது, ஆண்டெனா முறிந்திருந்தாலும் குரல் தெளிவாகவே போய்ச் சேரும். “தெளிவாகக் கேட்கிறது, ஓவர்” என்ற பதிலை நம்பிப் படகு வெளியே போகிறது; பத்து மைல் தாண்டியதும் கரை மௌனமாகிறது. சோதனை துறைமுக வாயைக் கடந்து, படகு தன் ரோந்து எல்லையின் நடுவை எட்டியபின் ஒருமுறையும், 1 வாட்டில் ஒருமுறையும் செய்யப்பட வேண்டும். ஐந்தாறு மைல் தள்ளி 1 வாட்டில் கரை கேட்கிறது என்றால், அந்தப் படகின் கேபிளும் ஆண்டெனாவும் நலமாக இருக்கின்றன என்று நம்பலாம்.

ரோந்துப் படகில் ஒரே செட் இருப்பதில்லை. கடல்சார் வி.எச்.எஃப் செட்டோடு காவல்துறையின் சொந்த அலைவரிசைச் செட்டும், ஏ.ஐ.எஸ் கருவியும் அருகருகே அமைகின்றன. இரண்டு செட்டும் தேவையா என்று சிலர் கேட்பதுண்டு. தேவை. கடல்சார் சேனல்களில் பேசுவதை யாரும் கேட்கலாம். தேடப்படும் படகில் இருப்பவரும் கேட்கலாம். நடவடிக்கை பற்றிய பேச்சு காவல் அலைவரிசையில்தான் நடக்க வேண்டும். ஆனால் மீனவரும், வணிகக் கப்பலும், கடலோரக் காவல்படைக் கப்பலும் இருக்குமிடம் 16ஆம் சேனல். காவல் அலைவரிசையில் மட்டும் கவனம் வைத்துக் கடல்சார் செட்டின் ஒலியைக் குறைத்துவிடும் படகு, தன்னைச் சுற்றியுள்ள கடலிலிருந்து தன்னைத் தானே துண்டித்துக்கொள்கிறது. சாகர் கவச், 2019 ஜனவரியில் தொடங்கிய சீ விஜில் போன்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகைகள் பல துறைகளைச் சேர்ந்த படகுகளை ஒரே கடலில் இறக்குகின்றன. அங்கே எல்லோருக்கும் பொதுவான மொழி கடல்சார் வி.எச்.எஃப்தான்.

இந்தக் கருவிகளின் ஆண்டெனாக்களை ஒரே குறுகிய கூரையில் நெருக்கி நடுவது பெருங்குறை. ஒரு செட் 25 வாட்டில் பேசும்போது பக்கத்தில் இருக்கும் மற்றதன் வாங்கி திணறிப்போகும். ஏ.ஐ.எஸ் அலைவரிசைகள் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ், வி.எச்.எஃப் பேச்சுக்கு மிக அருகில் இருப்பவை. எனவே மைக்கை அழுத்தும்போதெல்லாம் திரையில் கப்பல்கள் உறைந்து நின்றால் வியப்பில்லை. ஒன்றை உயரத்திலும் மற்றதைத் தாழ்விலுமாக, குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளியாவது விட்டு அமைத்தால் இது பெரிதும் குறையும்.

ஏ.ஐ.எஸ் பற்றி இன்னும் ஒன்று. சிறு படகுகளில் பொருத்தும் சாதாரண ‘பி’ வகைக் கருவி 2 வாட்டில், ஓடும்போது 30 வினாடிக்கு ஒருமுறை இருப்பிடத்தைச் சொல்கிறது. 25 நாட் வேகத்தில் செல்லும் ரோந்துப் படகு அந்த 30 வினாடிக்குள் ஏறக்குறைய 385 மீட்டர் நகர்ந்திருக்கும். கப்பல்களுக்கான ‘ஏ’ வகை 12.5 வாட்டில், 23 நாட்டுக்கு மேல் சென்றால் 2 வினாடிக்கு ஒருமுறை சொல்கிறது. நாட்டின் 74 கலங்கரை விளக்கங்களில் ஏ.ஐ.எஸ் வாங்கிகள் அமைத்துக் கரையிலிருந்து கண்காணிக்கும் வலையமைப்பு இருக்கும்போது, காவல் படகுக்கு ‘ஏ’ வகையையே வாங்க வேண்டும் என்பேன்; தேவைப்படும் வேளையில் தன் இருப்பிடத்தை மறைத்துப் பிறரை மட்டும் கேட்கும் வசதி அதில் இருக்கிறதா என்பதையும் வாங்குமுன் உறுதி செய்ய வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 25 வாட்டில் பேசும்போது செட் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். எஞ்சினை உசுப்பும் பேட்டரியிலிருந்தே வானொலிக்கும் எடுத்தால், உசுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து செட் அணைந்து எழும். வானொலிக்குத் தனி பேட்டரி, எஞ்சின் அறைக்கு வெளியே, நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அறைக்குள் நீர் புகும்போதுதான் வானொலி மிக அதிகமாகத் தேவைப்படும்.

கைபேசி இருக்கும்போது இவ்வளவும் எதற்கு என்ற கேள்வியை மீனவர்களிடமிருந்தும் காவலர்களிடமிருந்தும் நான் கேட்டிருக்கிறேன். கரைக்கு அருகில் கைபேசி வேலை செய்வதும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்களுக்கு மக்கள் அழைப்பதும் நல்லவையே. ஆனால் கைபேசியில் ஒருவர் பேசுவது ஒரே ஒருவர் காதுக்குத்தான் போகிறது. 16ஆம் சேனலில் எழும் குரல் அந்தச் சுற்றுவட்டத்தில் காதைத் திறந்துவைத்திருக்கும் ஒவ்வொரு படகுக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேருகிறது. முதலில் வந்து கைகொடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் வலை இழுத்துக் கொண்டிருந்த படகுதான். ஆகவே ரோந்துப் படகு அந்தச் சேனலைக் கேட்டால் மட்டும் போதாது. அதைத் தூய்மையாக வைத்திருக்கவும் வேண்டும். பண்பலை முறையில் ஒரே நேரத்தில் இருவர் பேசினால் வலுவான குரல் மட்டுமே கேட்கும். 16இல் மீன் விலை பேசிக்கொண்டிருக்கும் அருகிலுள்ள படகு, தொலைவில் மூழ்கும் படகின் குரலை அறியாமலே அழித்துவிடும். வேறு சேனலுக்கு மாறும்படி பொறுமையாக, தமிழில், பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளும் வானொலிக் காவலர் ஒருவர் படகில் இருப்பது எந்தக் கருவியையும்விடப் பெரிது.

வி.எச்.எஃப்பின் எல்லையை மறந்தும் பேசக்கூடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தொலைவில் இருந்தார்கள். எந்தக் கரைக் கோபுரத்தின் வி.எச்.எஃப் குரலும் அவ்வளவு தொலைவு செல்லாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது செயற்கைக்கோள் கருவி. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவியின் இரண்டாம் தலைமுறை வடிவம் 2024 ஜனவரியில் வந்தது. அழைப்பு கிடைத்துவிட்டது என்ற பதிலையும் அது படகுக்குத் திருப்பித் தருகிறது. 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் படகுகளுக்கு ஒரு லட்சம் இருவழிச் செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்தும் திட்டமும் நடைபெறுகிறது. ரோந்துப் படகு கரையை ஒட்டியே பணிபுரிந்தாலும், மீனவர் படகில் இருக்கும் கருவி எதுவோ அது காவல் படகிலும் ஒன்று இருக்க வேண்டும், அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியாகக் கையடக்கச் செட்டுகள். மற்றொரு படகில் ஏறிச் சோதனையிடச் செல்லும் காவலருக்கு இதுதான் உயிர்க்கயிறு. நீரில் விழுந்தால் மிதக்க வேண்டும். விழுந்ததும் விளக்கு எரிய வேண்டும். ஈரக் கையால் பொத்தானை உணர முடிய வேண்டும். ஐந்து வாட் போதும், ஏனென்றால் பேச வேண்டிய தொலைவு சில நூறு மீட்டர்தான். ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு செட்டும், படகில் மீதமாக ஒன்றும் இருந்தால் நிறைவு. மின்னேற்றியைக் கரை அலுவலகத்தில் வைக்காமல் படகிலேயே பொருத்த வேண்டும்.

விலை பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு ரோந்துப் படகின் மொத்த விலையில் இதுவரை நான் சொன்ன வானொலிக் கருவிகள் அனைத்தும் மிகச் சிறிய பங்குதான். பல மாநிலங்களின் தணிக்கை அறிக்கைகள் ரோந்துப் படகுகள் ஓடாமல் கட்டிக்கிடந்ததைச் சுட்டிக்காட்டியிருக்கின்றன. எரிபொருளுக்கும் எஞ்சினுக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதுபோல ஆண்டெனாவுக்கும் கேபிளுக்கும் இணைப்பு முனைகளுக்கும் தனி வரி எழுதி, ஆண்டுதோறும் முனையில் அளந்த வாட் எண்ணைக் கொடுத்தால்தான் தொகை தரப்படும் என்ற நிபந்தனையையும் அதில் சேர்ப்பார்களேயானால், இன்று சந்தையில் இருக்கும் நடுத்தர விலைச் செட்டையே எந்தத் தயக்கமும் இல்லாமல் நான் பரிந்துரைப்பேன். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தோடு வரும் விலையுயர்ந்த செட்டை வாங்க வேண்டாம்.